வீட்டுப் பட்டறை 20 டன் பிரஸ்: பெட் தொய்கிறது, ஜாக் இறங்குகிறது

கொல்லைப்பட்டறை:
பாட்டில் ஜாக் வைத்துக் கட்டிய எச் பிரேம் (எச் வடிவச் சட்டம்) பிரஸ். பெட்டுக்கு (வேலைப்பொருளை வைக்கும் கீழ்க் குறுக்கு பீம்) ஐ.எஸ்.எம்.சி. 100 சேனல் (100 மி.மீ. உயர சி வடிவ இரும்பு) இரண்டு, தூண்களுக்கு நடுவே 600 மி.மீ. பெட்டைத் தூண்களில் தாங்கும் பின் 20 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) ராடு. பெட் நடுவில் 4 மி.மீ. தொய்ந்து, சுமையை எடுத்தும் நிமிரவில்லை. அழுத்திப் பிடித்தால் ஜாக் மெல்ல இறங்குகிறது. பெட்டின் அடியில் பிளாட் வைத்து வெல்டு செய்தால் போதுமா? என்ன ஆயில் ஊற்றுவது?

சேனல்150:
பிளாட் வேண்டாம் சார், சேனலையே மாற்றுங்கள். 20 டன் என்பது 196 கிலோ நியூட்டன். 600 மி.மீ.யால் பெருக்கி நாலால் வகுத்தால் வளைவுத் திருப்புமை 29.4 கிலோ நியூட்டன் மீட்டர். உங்கள் இரண்டு சேனலின் செக்‌ஷன் மாடுலஸ் (வளைவைத் தாங்கும் திறனைக் காட்டும் அளவு) சேர்த்தே 75 கன செ.மீ.தான். தகைவு 390 மெகா பாஸ்கல் வரும், சாதா எம்.எஸ். 250லேயே விட்டுக்கொடுத்துவிடும். அதாவது 12, 13 டன்னிலேயே பெட் வளையத் தொடங்கியிருக்கும். ஐ.எஸ்.எம்.சி. 150 இரண்டு போட்டால் தகைவு 141தான். மேல் பீமுக்கும் அதே சுமை, அதையும் மாற்றுங்கள்.

இரண்டு சேனலும் தனித்தனியே முறுக்கிக்கொள்ளும். முதுகோடு முதுகு வைத்து, நடு இடைவெளியை விட்டுவிட்டு இரு பக்கமும் ஸ்பேசர் போட்டு இறுக்குங்கள்.

பெட் பின் 25 மி.மீ. இ.என்.8 (எம்.எஸ்.ஸைவிட வலுவான எஃகு) ஆக இருக்கட்டும். 20 மி.மீ. எம்.எஸ்.ஸில் வெட்டுத் தகைவு 156 வருகிறது, அது தாங்காது. தூண் சேனலின் 5 மி.மீ. தகட்டில் பின் துளை நீள்வட்டமாகிவிடும். துளையைச் சுற்றி 8 மி.மீ. பிளேட் வைத்து வெல்டு செய்து, இரண்டையும் சேர்த்துத் துளையிடுங்கள்.

ஆயில்சீல்:
முதலில் ஜாக்கைக் கவனியுங்கள். ராமின் (ஜாக்கில் மேலெழும் தண்டு) மேல் பக்கம் ஆயில் கசிந்தால் ராம் அடியிலுள்ள யு சீல் போய்விட்டது. காய்ந்திருந்தும் இறங்கினால் ரிலீஸ் ஸ்குரூவுக்கு அடியில் உள்ள பால் (எஃகுக் குண்டு) உட்காரவில்லை, பெரும்பாலும் தூசிதான். கைப்பிடி தானாக மேலே எழும்பினால் டெலிவரி பால் (பம்ப் ஆயிலை அனுப்பும் வழியிலுள்ள குண்டு) உட்காரவில்லை. பாலை மாற்றி, பித்தளைக் கம்பி வைத்து லேசாக ஒரு தட்டு தட்டினால் சீட் சரியாகும். சீலின் உதடு அழுத்தம் வரும் பக்கம் பார்க்கட்டும். ஆயில் ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 32 ஹைட்ராலிக் ஆயில். பிரேக் ஆயில் ஊற்றினால் நைட்ரைல் சீல் ஊதிப்போகும். ராமை முழுக்க இறக்கி, மூடித் துளை மட்டம் வரை நிரப்பி, ரிலீஸைத் திறந்துவிட்டு பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

ஜாக்கைத் தலைகீழாகப் பொருத்த வேண்டாம், பம்ப் காற்றை இழுக்கும். ஜாக் ஸ்பிரிங்கில் தொங்கும் நகரும் பிளேட் மேல் நிமிர்ந்து நின்று மேல் பீமைத் தள்ளட்டும், பிளேட் கீழே இறங்கி வேலைப்பொருளை அழுத்தும். அந்தப் பிளேட் தூண்களுக்கு இடையே பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளியோடு வழிகாட்டப்பட வேண்டும். இல்லையென்றால் பக்கச் சுமை சீலைத் தின்றுவிடும். ஓவர்லோடு ஸ்குரூவை (ஜாக்கின் அதிகபட்ச அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது) தொடவே வேண்டாம்.

கொல்லைப்பட்டறை:
நன்றி. மேல் பீமைத் தூணோடு 6013 வெல்டிங் ராடால் வெல்டு செய்யலாமா?

சேனல்150:
வெல்டை நம்பிச் சுமை கொடுக்க வேண்டாம். பக்கத்துக்கு நான்கு எம்20 (20 மி.மீ.), 8.8 தர (உயர்வலிமை) போல்ட் போடுங்கள், ஒன்றுக்கு இரண்டரை டன்தான் வரும். வெல்டு செய்யும்போது ஜாக்கை வெளியே எடுத்துவிடுங்கள். பிறகு பெட்டுக்கு டயல் கேஜ் (நுண் அசைவை அளக்கும் முள் கருவி) வைத்து 5, 10, 15, 20 டன் என ஏற்றிப் பாருங்கள்: நடுவில் அரை மி.மீ. வரை வளையலாம், சுமையை எடுத்ததும் முள் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். அழுத்தும் பேரிங் வெடித்தால் துண்டு பறக்கும், முன்னால் பாலிகார்பனேட் தடுப்பு கட்டாயம்.