மாங்காய் நறுக்கிய மடக்குக்கத்தி: கறுத்தது கறையா, துருவா?

ஈரக்காற்று:
அன்றாடம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள மலிவான கத்தி எது என்று ஒருவர் கேட்டதற்கு, "ஓப்பினெல் மடக்குக்கத்தியில் எட்டாம் எண் அளவைக் கார்பன் எஃகில் வாங்குங்கள், துருப்பிடிக்காத எஃகு சோம்பேறிகளுக்கு" என்று நேற்று இங்கே தீர்ப்பு வழங்கப்பட்டிருந்தது. அதே அறிவுரையை முன்பே நம்பி வாங்கிய சோம்பேறி நான். நாகப்பட்டினத்தில் கடலுக்கு அருகே குடியிருக்கிறேன். ஒரு மாங்காயை நறுக்கிவிட்டு அலகைத் துடைக்காமல் மடக்கி வைத்தேன். மறுநாள் காலையில் அது கறுத்துத் துருவேறிக் கிடந்தது.

பழைய இரும்பு:
தீர்ப்பு வழங்கியவன் நான்தான். திரும்பப் பெறுவதாகவும் இல்லை. கறுத்தது துரு அன்று, கறை. மாங்காயின் புளிப்பும் துவர்ப்பும் இரும்போடு சேரும்போது அலகின் மேல் உண்டாகும் கரும்படலம் அது. வாழைப்பூவும் வாழைக்காயும் நறுக்கி நறுக்கிக் கறுத்துப்போன அரிவாள்மனையை உங்கள் வீட்டுப் பாட்டி துரு என்று சொல்லித் தூக்கி எறிந்தாரா? ஓப்பினெல் 1890 முதல் பிரான்சின் சவோய் மலைநாட்டு உழவர்களுக்குச் செய்யப்பட்டு வரும் கத்தி. அவர்களும் பழம் நறுக்கியவர்கள்தாம்.

தெற்குத்தெரு:
எதைத் துரு என்கிறோம், எதைக் கறை என்கிறோம் என்று இருவரும் முதலில் சொல்லிவிட்டுச் சண்டையைத் தொடர்ந்தால் படிப்பவர்களுக்கு உதவியாக இருக்கும்.

பழைய இரும்பு:
சண்டை எதுவும் இல்லை. கறுத்தது கறை, அவ்வளவுதான்.

ஈரக்காற்று:
கறுப்பின் நடுவே செந்நிறப் புள்ளிகளும் இருந்தன. விரலால் தடவியபோது பொடியாக ஒட்டியது. பாட்டியின் அரிவாள்மனை அடுப்படியில் உலர்ந்து நின்றது. என் கத்தியோ வியர்வையில் நனைந்த சட்டைப்பையில் உப்புக்காற்றோடு குடியிருக்கிறது. இரண்டையும் ஒப்பிடுவது எந்த ஊர் நியாயம்?

பழைய இரும்பு:
முதலில் கறுப்பு என்றீர்கள், இப்போது சிவப்பு என்கிறீர்கள். நாளைக்குப் பச்சையும் வருமோ? சென்ற ஆண்டு சாணைக்கல் பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நடுவழியில் புதிய சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள், நான் மறக்கவில்லை. ஏறத்தாழ 0.9 விழுக்காடு கார்பன் கொண்ட எஃகு, சாதாரணச் சாணைக்கல்லில் நாலு இழுப்பில் கூர் ஏறிவிடும். அந்தச் சுகத்தை அறியாதவர்கள் எவர்சில்வர் கரண்டியைத் தீட்டிக்கொண்டிருக்கலாம்.

மணிக்கூண்டு:
எவர்சில்வர் பாத்திரத்தின் எஃகு வேறு, கத்திக்கான துருப்பிடிக்காத எஃகு வேறு. முன்னதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினப்படுத்த முடியாது, பின்னதை முடியும். விக்டோரினாக்ஸ் என்ற சுவிஸ் மடக்குக்கத்தியின் துருப்பிடிக்காத அலகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் ஏறக்குறைய 56 என்ற கடினத்தோடு வருகிறது. அதைக் கொண்டு பத்து ஆண்டுகளாகக் கயிறும் அட்டைப்பெட்டியும் ஆப்பிளும் அறுத்து வருகிறேன், துரு என்ற பேச்சே எழுந்ததில்லை. பழைய இரும்பு அவர்கள் வேதியியலைப் பிறருக்குக் கற்பிக்கும் முன் தாம் கொஞ்சம் படித்துக்கொள்வது நல்லது.

பழைய இரும்பு:
கரண்டி என்றது கிண்டல். கிண்டலுக்கும் பொழிப்புரை எழுத வேண்டியிருப்பது என் தலையெழுத்து. விக்டோரினாக்ஸின் வழக்கமான சிறு கத்திகளில் அலகு பின்புறத்து வில்லின் இறுக்கத்தில்தான் நிற்கிறது, பூட்டு இல்லை. அழுத்திக் குத்தும்போது மடங்கினால் விரல் போகும். ஓப்பினெலில் 1955 முதல் சுழல் வளையப் பூட்டு உண்டு.

தேம்சுக்கரை:
அந்தப் பூட்டினால்தான் இங்கே இங்கிலாந்தில் தொல்லை. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுசெல்ல வேண்டுமானால் மடக்குக்கத்திக்குப் பூட்டும் இருக்கக்கூடாது, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. எட்டாம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர். நீங்கள் புகழும் கத்தி இரண்டிலும் தோற்றது.

பழைய இரும்பு:
நாகப்பட்டினத்து மாங்காயைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இங்கிலாந்துக் காவலரை அழைத்துவருவானேன்? கறுத்தது கறை.

மணிக்கூண்டு:
மழைக்காலத்தில் அந்த வளையத்தைச் சுழற்றும் முன் அலகை வெளியே இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். பீச் மரப்பிடி ஈரம் குடித்து உப்பிவிட்டால், நகத்தை உடைத்துக்கொண்டாலும் கத்தி திறக்காது. அன்றாடம் கைக்கு உதவ வேண்டிய பொருள் ஐப்பசி, கார்த்திகையில் விடுப்பு எடுத்துக்கொள்கிறது.

பழைய இரும்பு:
பிடியின் நுனியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலை நீட்டும். சவோயில் எல்லாரும் அறிந்த உபாயம் அது. பிடிக்கு ஆளி விதை எண்ணெய், அலகுக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய், இவ்வளவுதான் பராமரிப்பு. இதைச் செய்ய வணங்காத உடம்பு கத்தியைக் குறை சொல்கிறது.

ஈரக்காற்று:
உடம்பைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன், சாணைக்கல் விவாதத்தில் நான் சொன்னதே சரி. இதிலும் துரு துருதான்.

பழைய இரும்பு:
அப்படியானால் படத்தைப் போடுங்கள், பார்க்கலாம்.

ஈரக்காற்று:
படம் இல்லை. அன்றைக்கே புளி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

பழைய இரும்பு:
புளிக்குப் போய்விட்டதல்லவா? கறைதான்.

மணிக்கூண்டு:
துருவும் புளிக்குப் போகும் ஐயா. நீங்கள் புகழும் அதே பாட்டி அரிவாள்மனைக்கு ஏன் புளி போட்டாராம்?

பழைய இரும்பு:
கறை எடுக்க.