காட்டுக்கு ஒரு கத்தி வாங்கணும்: கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா?

வணக்கம் மக்களே. தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல இருந்து எழுதுறேன். அடிக்கடி நண்பர்களோட டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் பக்கம் மலையேறப் போவோம். அங்க பூங்காவுக்குள்ள மலையேறுற பாதைகள்ல தீ மூட்டக் கூடாதுங்கிறதால, அடிவாரத்துல ஒரு பண்ணையில தங்கி பிராய் (விறகுத் தீயில கறி சுடுறது) போடுவோம். கத்திக்கு வேலையே அங்கதான்.

போன தடவை கத்தியை விறகுல வச்சு, மேல கட்டையால தட்டிப் பிளந்தேன். முள்மரம், கருங்கல் மாதிரி. பிடிக்குள்ள பாதி வரைக்கும்தான் இரும்பு இருக்குன்னு பிடி கழன்று வந்தப்புறம்தான் தெரிஞ்சது. விரல் தப்பிச்சது புண்ணியம். (கோடாலி எடுக்காதது என் தப்புதான், திட்டாதீங்க.)

இப்போ மோரா கார்பெர்க்னு ஒரு ஸ்வீடன் கத்தி பார்த்து வச்சிருக்கேன். வெட்டுப்பகுதி 109 மி.மீ. நீளம், 3.2 மி.மீ. தடிமன், இரும்பு பிடியோட கடைசி வரைக்கும் ஓடுது. முதுகு கூரான விளிம்போட இருக்கிறதால ஃபெரோ ராட் (உரசினா தீப்பொறி தர்ற உலோகக் குச்சி) உரசித் தீப்பொறி எடுக்கலாம். குழப்பம் என்னன்னா, கார்பன், ஸ்டெயின்லெஸ் ரெண்டு இரும்புலயும் வருது. கார்பன்னா சாணை பிடிக்கிறது சுலபம். ஆனா நம்ம ஊர் கடல் காத்துக்கு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்குது. தேங்காய் எண்ணெய் பூசினா போதும்னு அம்மா சொல்றாங்க, அருவாளுக்கு அப்படித்தானாம்.

இங்க கடலோரத்துல கார்பன் கத்தி வச்சிருக்கிறவங்க யாராவது இருக்கீங்களா? எத்தனை நாளைக்கு ஒருமுறை எண்ணெய் போடுறீங்க? ஸ்காண்டி சாணை (விளிம்பு வரைக்கும் ஒரே சரிவா தீட்டினது) முள்மரத்துல பல்லு விழாம தாங்குதா? தோல் உறை ஈரம் இழுக்கும்னு நினைக்கிறேன், பிளாஸ்டிக்கே எடுத்துடவா? அடுத்த பயணத்துக்கு முன்னாடி வாங்கணும்.