தலைக்குப் போடறதெல்லாம் முதுகுல பருவா வருது. முடி வெட்டாம வழி இருக்கா?

பாலக்கோடு_பின்னல்

வணக்கம்ங்க. வீடு பாலக்கோடு பக்கம், வேலை ஓசூர்ல ஒரு கம்பெனியில. முடி இடுப்புக்குக் கீழ வரைக்கும் இருக்கு.

ஆறு மாசமா முதுகு பூரா பரு. முகத்துல ஒண்ணுகூட இல்லை. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல, பின்னல் கிடக்கிற இடத்துல அப்படியே ஒரு பட்டையா இறங்குது. சிலது சீழ் வச்சுக்குது, கம்பெனி பஸ்ல சீட்ல சாஞ்சா சுருக்குன்னு வலி. சித்தி பொண்ணு கல்யாணத்துக்குன்னு பின்கழுத்து இறக்கி ஜாக்கெட் தைச்சேன். அன்னிக்குக் காலையில கண்ணாடியில பாத்துட்டு, பழைய ஜாக்கெட்டையே மாட்டிட்டுப் போனேன்.

தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெயோட விளக்கெண்ணெய் கலந்து தேச்சுட்டுப் படுப்பேன். வாரம் மூணு நாள் ஷாம்பு, கண்டிஷனர், காஞ்சதும் சீரம். கண்டிஷனரும் சீரமும் பார்லர்ல சொல்லி ஆரம்பிச்சது, அதுக்கும் ஆறு மாசம்தான் ஆகுது. ஆயா "உடம்புச் சூடு, நல்லா எண்ணெய் தேச்சுக் குளி"ங்குது. தேச்சா கூடுது. போர்வெல் தண்ணி வேற, சோப்பு நுரைக்கவே நுரைக்காது. ஃப்ளோரைடு தண்ணியாலயோன்னு அப்பா கேக்கறாரு. மருந்துக்கடையில ஒரு ட்யூப் குடுத்தாங்க. முதல் வாரம் அமுங்குச்சு, அப்புறம் முன்னைவிட மோசம்.

முடியை வெட்டுன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க.

காவேரிப்பட்டணம்_அக்கா

வெட்ட வேண்டாம் கண்ணு. குளிக்கும்போது எதை முதல்ல பண்றே, அதைச் சொல்லு.

எனக்கு ரெண்டு வருஷம் இதே கூத்து. உடம்புக்கு சோப்பு போட்டு முடிச்சுட்டு, கடைசியா கண்டிஷனரை அலசிட்டு வெளிய வந்துடுவேன். நம்ம வீட்ல பக்கெட்டும் மக்கும்தானே. மணையில உக்காந்து தலையில ஊத்தினா தண்ணி எங்க போகும்? நேரா முதுகுத்தண்டு வழியாத்தான். ஒருநாள் துண்டு எடுக்கறதுக்கு முன்னாடி முதுகுல கையை வச்சுப் பாத்தேன். கெளுத்தி மீனைத் தொட்ட மாதிரி வழவழன்னு இருந்துச்சு. குளிச்சு முடிச்ச உடம்புங்க அது! கண்டிஷனர் முடியில ஒட்டி நிக்கறதுக்குன்னே செஞ்ச சாமான், தோலை மட்டும் விட்டுவைக்குமா?

இப்ப நான் நின்னுகிட்டு, தலையைக் கவுத்து, முடி பூராவையும் முகத்துக்கு முன்னாடி தொங்கவிட்டு அலசறேன். கண்டிஷனர் காதுக்குக் கீழ இருக்கிற முடிக்கு மட்டும். அலசி முடிச்சு முடியை உச்சியில தூக்கி கிளிப் போட்ட அப்புறம்தான் உடம்புக்கு சோப்பு, அதுலயும் முதுகு கடைசி. மூணு மக்கு சேத்து ஊத்து, உப்புத் தண்ணியில சோப்பும் லேசுல போகாது.

ராத்திரி எண்ணெயை விட்டுடு. ஞாயித்துக்கிழமை காலையில தேச்சு ஒரு மணி நேரம் ஊறவச்சா போதும். உன் தலையணை உறையை மோந்து பாரு, செக்கு வாசம் அடிக்கும். நாலு நாளைக்கு ஒருதடவை மாத்து. ஈரப் பின்னலை ஜாக்கெட் மேல போட்டுக்கிட்டு பஸ் ஏறாதே.

ஊத்தங்கரைக்காரன்

பொம்பளைங்க விஷயத்துல மூக்கை நுழைக்கிறேன்னு நினைக்காதீங்க, எனக்கும் முதுகு இருக்கு. திருப்பதியில மொட்டை போட்டுட்டு வந்து மூணு மாசம் முதுகு பளபளன்னு இருந்துச்சு. சாமி புண்ணியம்னு நினைச்சேன். முடி வளந்து மறுபடி எண்ணெயும் ஜெல்லும் போட ஆரம்பிச்சதும் பருவும் வந்துருச்சு. ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் பண்ணிட்டு வந்தா எனக்கு மூணாம் நாள் பொரிப்பொரியா கிளம்பும். அருவியில நின்னா எண்ணெய் போயிடும்னு சொல்றாங்க, போறதில்லை. அதுக்காக மசாஜை விட முடியுமா என்ன!

மருந்துக்கடை_தருமபுரி

20 வருஷமா கவுண்டர்ல நிக்கறேன், எங்க ஆளுங்க பண்ற தப்பையும் சேத்தே சொல்றேன். அந்த ட்யூப் பெட்டியில பொடி எழுத்தைப் படிங்க. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் இதுல எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முதல்ல சிவப்பை அமுக்கும், பின்னாடி அதுவே பருவைக் கிளப்பும். நிறுத்தினதும் கொஞ்ச நாள் கூடுற மாதிரி இருக்கும், பயந்துகிட்டு மறுபடி தடவாதீங்க. மாசக்கணக்கா போட்டிருந்தா டாக்டரைப் பாத்துட்டு நிறுத்துங்க.

அடுத்தது, அரிக்குதா? எல்லாம் ஒரே அளவுல கடுகு கடுகா இருக்கா? அப்படின்னா அது பருவே இல்லாம, மலசீசியாங்கற பூஞ்சையால வர்றதா இருக்கலாம். அந்தப் பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு. அதுக்கு கீட்டோகொனசோல் மாதிரி பூஞ்சை மருந்துதான், பருவுக்குக் குடுக்கற ஆன்டிபயாடிக் எடுபடாது.

அரிப்பு இல்லாத சாதா பருவா இருந்தா பென்சாயில் பெராக்சைடு 5% வாஷ். முதுகுல தடவி ரெண்டு மூணு நிமிஷம் விட்டுக் கழுவணும், முதல்ல ஒருநாள் விட்டு ஒருநாள். எரிஞ்சா நிறுத்திட்டு சாலிசிலிக் ஆசிட் 2% பாருங்க. பெராக்சைடு துணிச் சாயத்தை வெளுத்துடும், வெள்ளைத் துண்டு வச்சுக்கங்க. ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், எட்டே நாள்ல வந்து எங்ககிட்ட சண்டை போடறாங்க.

அக்கா சொன்னது பழைய விஷயம்தான். தலைக்குத் தடவற பொமேடால நெத்தியில வர்ற பருவுக்கு "பொமேட் ஆக்னே"ன்னு பேர் வச்சு 1970லயே அமெரிக்க டாக்டருங்க எழுதிட்டாங்க. சீரம் பாட்டில்ல ஐசோபுரோபைல் மிரிஸ்டேட்னு இருந்தா தள்ளி வைங்க, தோல் துவாரத்தை அடைக்கிற சாமான். தேங்காய் எண்ணெயும் அந்த ஜாதிதான், ஆயாகிட்ட சொல்லிடாதீங்க.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை: ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது. சோப்பு நுரைக்காம பண்றது தண்ணியில இருக்கிற கால்சியம், மக்னீசியம்.

கட்டி கட்டியா பெருசா வந்து தழும்பு விழுந்தா, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில தோல் டாக்டரைப் பாத்துடுங்க.

பாலக்கோடு_பின்னல்

பத்து வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க. ட்யூப்ல பீட்டாமெத்தசோன்தான் இருந்துச்சு. குப்பையில போட்டாச்சு, போட்ட அடுத்த வாரம் நரகம். அரிப்பு இல்லாததால பெராக்சைடு வாஷ் எடுத்தேன். வெள்ளைத் துண்டு சொன்னதை மறந்துட்டு அம்மாவோட மெரூன் துண்டுல துடைச்சேன், இப்ப அதுல ஆரஞ்சு ஆரஞ்சா திட்டு. வாங்கின ஏச்சை இங்க எழுத முடியாது.

சீரத்தை நிறுத்திட்டேன், தலையைக் கவுத்துத்தான் அலசறேன். ஒரு மாசமா புதுசா ரெண்டே ரெண்டு பருதான், பழசெல்லாம் கறுப்புத் தடமா நிக்குது. சூடு தணிஞ்சுருச்சுன்னு ஆயா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுது.

அக்கா, உச்சியில போடற கிளிப் இதுவரைக்கும் மூணு உடைஞ்சுருச்சு. இந்த முடியைத் தாங்கற கிளிப் எங்க கிடைக்கும்?

காவேரிப்பட்டணம்_அக்கா

கிளிப்பை விடு கண்ணு. பழைய பருத்தித் துண்டை முறுக்கிக் கொண்டை போட்டுக் கட்டு. மெரூன் துண்டுதான் இப்ப சும்மா கிடக்குமே.