மழைக்கு முன்னம் எங்கட ஊரில என்ன செய்து வைக்கலாம்?

கண்டாவளையான்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் கிளிநொச்சியில இரணைமடுக் குளத்துக்குக் கீழ, கனகராயன் ஆத்துத் தண்ணி போற பக்கம். 2018 டிசம்பர் 21 இரவு பெஞ்ச மழைக்கு விடியக்குள்ள முத்தத்தில நெஞ்சளவு தண்ணி, அம்மாவைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஏறினதோட சரி, நாலாம் நாள் போய்ச் சாக்கை அவிழ்த்தா சாப்பாட்டுக்கு வைச்ச நெல்லு முழுக்க வெள்ளை வேர் விட்டு நாறுது. பேந்து 2025 நவம்பரில டித்வா புயல். ஒவ்வொருமுறையும் தண்ணி வந்தாப் பிறகுதான் ஓடுறம். இந்தமுறை பெடியள் பத்துப்பேர் சேர்ந்திருக்கிறம், தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

வயல்வரம்பு:
தம்பி, றேடியோவில இத்தனை வான்கதவு இத்தனை அடி திறந்தாச்சு எண்டுவினம், அது என்ர கிணத்துக்கட்டுக்கு வருமோ வராதோ எண்டு ஆருக்கு விளங்கும்? நாங்கள் வாசிகசாலைச் சுவர், கோயில் மதில், பாலம் எல்லாத்திலயும் பழைய வெள்ளக் கறையைப் பாத்து சிவப்புப் பெயின்றால கோடு போட்டு, அண்டைக்கு எத்தனை கதவு திறந்திருந்தது எண்டும் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறம். இப்ப அறிவிப்பு வந்தா எந்த ஒழுங்கை முதல் வெளிக்கிட வேணும் எண்டு தெரியும். இரணைமடு 36 அடி தண்ணி கொள்ளுற குளம், நிரம்பீட்டா மேல இருந்து வாறதைக் கீழ விடத்தான் வேணும், அதால கதவு திறக்க முன்னம் கிடைக்கிற மணித்தியாலங்களை வீணாக்கக்கூடாது.

சின்னக் குளங்களையும் விடாதேங்கோ. புரட்டாதிக்குள்ள கமக்காரர் அமைப்போட குளக்கட்டு முழுக்க நடந்து பாருங்கோ, கறையான் புத்து, பொந்து, கட்டில முளைச்ச மரம் எல்லாம் பாக்க வேணும். வன்னியில குளங்கள் ஒண்டுக்குக் கீழ ஒண்டு, மேல உடைஞ்சா கீழயும் உடையும்.

முல்லைக்கரை:
நான் வெள்ளத்துக்கு ஓடிப்போய்த் தங்கிற முகாமைப் பற்றிச் சொல்லுறன். போனமுறை எங்களை விட்ட பள்ளிக்கூடத்தில நூறு சனத்துக்கு மேல, கக்கூஸ் ரெண்டு, ராவில லைற் இல்லை. மாமி கக்கூசுக்குப் போற பயத்தில தண்ணியே குடிக்கேல்லை. அதை மழைக்கு முன்னம் போய்ப் பாருங்கோ தம்பி. நடக்கேலாத ஆக்கள், இன்சுலின் போடுறவை, வயித்துப்பிள்ளைக்காரர் ஆர் ஆர் எண்டு கிராம சேவகரோட இருந்து எழுதி, ஆரை ஆர் தூக்கிறது எண்டும் பேர் போடுங்கோ.

2004 டிசம்பர் 26 முல்லைத்தீவில சுனாமி வரேக்க ஒரு அறிவிப்பும் இல்லை. அதுக்குப் பிறகுதான் 2005 இல அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, இப்ப அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ர 117 க்குப் போன் அடிக்கலாம். ஆனா டவர் போனா போனும் இல்லை, கோயில் மணி அடிக்க ஒராளைப் பொறுப்பா விடுங்கோ.

பனையடி:
வெள்ளம் வடிஞ்ச உடன சின்னப் பெடியளை வாய்க்காலுக்குள்ள இறங்க விடாதேங்கோ. மிதிவெடி எடுத்து முடியாத பக்கத்தால வாற தண்ணி வெடிபொருளையும் உருட்டிக்கொண்டு வரும். கிணத்தையும் இறைச்சுக் குளோரின் போட்டாப் பிறகுதான் குடிக்கலாம்.

கண்டாவளையான்:
நன்றி எல்லாருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோடு போடத் தொடங்கிறம். வயல்வரம்பு அண்ணை, எங்கட சுவருக்கு வெள்ளை அடிச்சதால 2018 கறை தெரியேல்லை, அம்மா கை வைச்சுக் காட்டுறா, அதை நம்பிக் கோடு போடலாமோ?

வயல்வரம்பு:
போடலாம். பக்கத்து வீட்டில கறை இருந்தா மேசன்மார் பாக்கிற மாதிரி ரியூப்பில தண்ணி விட்டு மட்டம் பிடிச்சுப் பாருங்கோ, அம்மாவின்ர கை சரியோ எண்டு தெரியும்.