ஜிம்மியின் மூட்டுவலியும் நாங்கள் வாங்கிய ஊட்ட மாத்திரைகளும்

திருச்சியிலிருந்து:

எங்கள் வீட்டு லாப்ரடார் ஜிம்மிக்கு ஒன்பது வயது நிறைந்த கார்த்திகை மாதத்தில், காலையில் எழுந்தவுடன் பின்னங்கால்களை இழுத்தபடி நான்கைந்து அடி வைத்த பிறகே அவள் சீராக நடக்கத் தொடங்கினாள். மாடிப்படியின் கீழே நின்றுகொண்டு, ஏறாமல் என் முகத்தைப் பார்ப்பாள். வயதாகிவிட்டது என்று எண்ணி இரண்டு மாதங்களைக் கடத்திவிட்டோம். அதை நினைத்தால் இப்போதும் மனம் வருந்துகிறது. வலித்தால் நாய் ஊளையிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். மூட்டுவலி உள்ள நாய்களில் பெரும்பாலானவை முனகுவதுகூட இல்லை. ஓடுவதையும் குதிப்பதையும் சத்தமின்றிக் குறைத்துக்கொள்கின்றன.

மருத்துவரிடம் காட்டுவதற்கு முன்பே, கடையில் சொன்னதை நம்பி, மூட்டுக் குருத்தெலும்பில் உள்ள பொருள்களான குளுக்கோசமைனும் காண்ட்ராய்ட்டினும் கலந்த மெல்லும் மாத்திரை டப்பா ஒன்றை வாங்கினேன். மூன்றே வாரங்களில் அவள் நன்றாக நடக்கிறாள் என்று நானும் என் மனைவியும் உறுதியாக நம்பினோம். மகன் மட்டும், மாத்திரை தொடங்கிய அன்று கைப்பேசியில் எடுத்திருந்த காணொளியையும் மூன்று வாரம் கழித்து எடுத்ததையும் அடுத்தடுத்து ஓட்டிக் காட்டினான். வாசல் கேட்டிலிருந்து தெருமுனைக் குழாய்வரை நடக்க அவளுக்கு ஆன நேரத்திலும் பின்னங்கால் ஊன்றிய விதத்திலும் எந்த மாற்றமும் இல்லை. மூட்டுநோய் கொண்ட 58 நாய்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மட்டுமே கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது; அதில் வளர்த்தவர்களின் மதிப்பீடு பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் உண்மைக்கு மாறாக நன்மையின் பக்கம் சாய்ந்திருந்தது என்றும், மருத்துவர்களின் கண்ணும் அதற்கு விலக்கல்ல என்றும் பிறகு படித்தேன். பாசம் உள்ளவர் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றத்தை அப்படியே நம்பக்கூடாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

எக்ஸ்ரேயில் இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமின்றி இருந்ததும், ஓரங்களில் எலும்பு முளைவிட்டிருந்ததும் தெரிந்தன. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களில் பரம்பரையாக வரும் குறைபாடு இது. மருத்துவர் இரத்தத்தில் சிறுநீரகம், கல்லீரல் நிலையைப் பார்த்துவிட்டு வலிக்கு மெலாக்சிகாம் எழுதினார். ஊட்ட மாத்திரை வலிமருந்துக்கு மாற்றாகாது என்று அவர் தெளிவாகக் கூறினார்.

குளுக்கோசமைனைப் பொறுத்தவரை, 70ஆம் நாளில் பலன் தெரிந்ததாக 2007இல் ஓர் ஆய்வு வந்தது. ஆயினும் நாய், பூனைகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தினர் 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் கலவையால் வலி குறைவதற்குச் சான்றில்லை என்றும், ஒமேகா-3 கொழுப்புகளுக்கே நல்ல சான்று உண்டு என்றும் முடிவுக்கு வந்தது. அதைப் படித்த பிறகு நான் இரண்டாவது டப்பா வாங்கவில்லை.

ஒமேகா-3 கிடைக்கும் மீன் எண்ணெயிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மேலட்டையில் 1,000 மி.கி. என்று போட்டிருப்பது எண்ணெயின் எடை. நமக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. இரண்டும் சேர்ந்து சாதாரண மாத்திரையில் 300 மி.கி. மட்டுமே இருக்கும். மூட்டுநோய்க்குக் கால்நடை ஊட்டவியலில் குறிப்பிடப்படும் அளவு, 30 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மி.கி. வரை போகிறது. அந்தக் கணக்குப்படி பதின்மூன்று மாத்திரைகள் வேண்டும். அவ்வளவு கொழுப்பு, எடை குறைக்க வேண்டிய நாய்க்கு நூறு கலோரிக்கு மேல் கூடுதல் சுமை. ஆகவே செறிவு மிக்க எண்ணெயாகப் பார்த்து வாங்கி, மருத்துவர் சொன்னபடி மூன்றில் ஒரு பங்கில் தொடங்கி, வயிறு கழிகிறதா என்று கவனித்துக்கொண்டே மெல்ல உயர்த்தினோம். அட்டையில் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. அளவைத் தனித்தனியாக அச்சிடாத எந்த டப்பாவையும் நான் இப்போது கையில்கூட எடுப்பதில்லை.

ஆனாலும் ஜிம்மிக்கு அதிகம் உதவியது கடையில் வாங்கிய எதுவுமில்லை. அப்போது அவள் எடை 38 கிலோ. மிஞ்சிய தயிர்சாதமும், மாலைத் தேநீரோடு ஆளுக்கு இரண்டாக நாங்கள் போட்ட பிஸ்கட்டும்தான் அதற்குக் காரணம். பருத்த நாய்கள் தம் எடையில் ஆறு விழுக்காட்டைக் குறைத்தாலே நொண்டல் குறையத் தொடங்குகிறது என்று மருத்துவர் விளக்கினார். அமெரிக்காவில் 48 லாப்ரடார்களை வாழ்நாள் முழுதும் கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், கால்பங்கு உணவு குறைத்துக் கொடுக்கப்பட்டவற்றுக்கு மூட்டுநோய் தாமதமாகவே வந்தது. அவை கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் கூடுதலாகவும் வாழ்ந்தன. ஏழு மாதங்களில் ஜிம்மி 32 கிலோவுக்கு வந்தாள். வழுக்கும் டைல்ஸ் தரையில் அவள் நடக்கும் வழியெங்கும் கயிற்றுப்பாய் விரித்தோம். மாடிப்படியில் அவளை இன்றும் ஏறவிடுவதில்லை. ஆனால் தெருமுனைக் குழாய்வரை நிற்காமல் நடக்கிறாள்.

நாகர்கோவிலிலிருந்து:

ஐயா எழுதியதோடு ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். நம் ஊர்களில் ‘மீன் எண்ணெய் மாத்திரை’ என்று கேட்டால், பல கடைகளில் மீன் ஈரல் எண்ணெயைத்தான் எடுத்துத் தருகிறார்கள். அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் மிகுதி. மூட்டுக்கு வேண்டிய ஒமேகா-3 அளவை அதிலிருந்து பெறுமளவு கொடுத்தால் அந்த வைட்டமின்கள் உடலில் தேங்கி நஞ்சாகிவிடும். நான் நான்கு மாதங்கள் அறியாமல் கொடுத்துவந்தேன். மருத்துவர் அட்டையைப் பார்த்துவிட்டு உடனே நிறுத்தினார். மனிதர்களுக்கான, சர்க்கரை சேர்க்காத மாத்திரைகளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால், அது நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரெனச் சரித்துவிடும் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன்.

கோவையிலிருந்து:

எங்கள் வீட்டில் இருப்பது பதின்மூன்று வயது நாட்டு நாய். சிறுநீரகம் பழுதாகிவிட்டதால் மெலாக்சிகாம் தொடர முடியவில்லை. ஆகவே துணை ஊட்டங்களை எங்களால் அவ்வளவு எளிதாக ஒதுக்க முடியவில்லை. மருத்துவர் அனுமதியுடன் நியூசிலாந்துப் பச்சைச் சிப்பிப் பொடியை எட்டு வாரங்கள் கொடுத்தோம். அந்த எட்டு வாரங்களில் உணவையோ வேறு மருந்தையோ மாற்றவில்லை. காலையில் படுக்கையிலிருந்து எழ அவன் எத்தனை முறை முயல்கிறான் என்பதை நாட்காட்டியில் குறித்துவந்தேன். மூன்று, நான்கு என்று இருந்தது ஒன்று, இரண்டாகக் குறைந்தது. பொடியால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரு மாதம் நிறுத்திவிட்டு எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்கலாமா?

திருச்சியிலிருந்து:

அம்மா, நிறுத்திப் பார்ப்பதே சரியான வழி. ஆனால் மழைக்காலத்தில் செய்ய வேண்டாம். குளிர்ந்த ஈர நாட்களில் ஜிம்மியின் விறைப்பு தானாகவே கூடிவிடுகிறது, கணக்கு குழம்பிவிடும். தை பிறந்த பிறகு தொடங்கி, உங்களுக்குப் பதிலாக, பொடி நிறுத்தியது தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதை மகன்தான் செய்கிறான். மாத்திரை டப்பாவை அவன் கண்ணில் படாமல் சமையலறை மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.