மறு: இயற்பியல் விசைப்பலகை – மாற்றுச் சொல்

அன்பு நண்பர்களுக்கு,

நாம் தொகுக்கும் செல்பேசிச் சொற்பட்டியலில், பொத்தான் உள்ள 'பிசிக்கல் கீபோர்டு'க்கு 'இயற்பியல் விசைப்பலகை', திரையில் தெரியும் 'விர்ச்சுவல் கீபோர்டு'க்கு 'மெய்நிகர் விசைப்பலகை' என்று ஒரு இணை சேர்ந்திருக்கிறது. இரண்டையுமே எடுத்துவிடலாம் என்பேன்.

முதலாவதில் பெரிய வாதம் தேவையில்லை. இயற்பியல் என்பது ஒரு பாடத்தின் பெயர். அந்தச் சொல்லைக் கேட்டால் பள்ளி ஆய்வுக்கூடம்தான் நினைவுக்கு வரும், பொத்தான்களுக்குப் பேர்போன பிளாக்பெர்ரி செல்பேசி வராது.

'மெய்நிகர்' கொஞ்சம் ஆழமான தவறு. மெய்யான பலகை ஒன்று இருக்கிறது, திரையில் தெரிவது அதன் போலி என்று அந்தச் சொல் சொல்லிவிடுகிறது. 2007இல் வந்த முதல் ஐபோனிலேயே அப்படி இல்லை. அடுத்து எந்த எழுத்து வரக்கூடும் என்று கணித்து, அந்த எழுத்தின் தொடுபரப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் பெரிதாக்கிக்கொள்ளும். படம் அப்படியே நிற்கும், எல்லை மட்டும் நகரும். பொத்தானால் இது முடியாது. தமிழில் இன்னும் ஒரு படி மேலே. சில செயலிகளில் 'க' தட்டியதும் உயிர் வரிசை கா, கி, கீ என்று மாறி நிற்கிறது. 247 எழுத்து உள்ள மொழிக்கு இது எவ்வளவு பெரிய வசதி! இதைப் போய்ப் போலி என்பதா?

'தொடு விசைப்பலகை' என்று ஒரு யோசனையும் வந்தது. மடிக்கணினியின் டச்பேடைத் தொடுபலகை என்று பலரும் எழுதுவதால் குழப்பம் வரும். அதைவிட, 2014இல் வந்த பிளாக்பெர்ரி பாஸ்போர்ட்டை நினைத்துப் பாருங்கள். அதில் மூன்று வரிசை நிஜப் பொத்தான்கள். ஆனால் அந்தப் பொத்தான்களே தொடுதலையும் உணரும். அவற்றின் மேல் விரலைத் தேய்த்துப் பக்கத்தை நகர்த்தலாம், எழுதிய சொல்லை அழிக்கலாம். அப்போது அது தொடு விசைப்பலகையா இல்லையா?

அழுத்துவதை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதற்கும் அதே நிறுவனம் முன்பே வேட்டு வைத்திருக்கிறது. 2008இல் வந்த ஸ்டார்ம் செல்பேசியில் திரை முழுவதுமே ஒரு பொத்தான் போல உள்ளே அமுங்கிக் 'கிளிக்' என்னும். பொத்தான் பிரியர்களையும் திரைப் பிரியர்களையும் ஒரே கருவியில் பிடிக்கப் பார்த்தார்கள். இரு தரப்புக்கும் பிடிக்கவில்லை. நமக்கு மட்டும் அது நல்ல உரைகல்.

ஆக, தொடுவதும் அழுத்துவதும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. மாறாத வேறுபாடு ஒன்றுதான்: எழுத்து எதன் மேல் இருக்கிறது? பொத்தான் மேலா, திரை மேலா? மக்கள் இதை எப்போதோ 'பட்டன் போன்', 'டச் போன்' என்று பிரித்துவிட்டார்கள். அதில் முதல் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு: பொதுப்பெயர் விசைப்பலகை. வகைகள் இரண்டு: பொத்தான் பலகை, திரைப்பலகை. அவ்வளவுதான்.

'பொத்தான்' போர்த்துகீசியச் சொல்லாயிற்றே என்று ஒரு மடல் வரும், தெரியும். சாவியும் அலமாரியும் அங்கிருந்து வந்தவைதான். வீட்டை விட்டு அவற்றைத் துரத்தினால் இதையும் துரத்தலாம். விசை என்பதே போதாதா என்றும் கேட்பார்கள். திரையில் உள்ள கட்டத்தையும் நாம் விசை என்றுதான் சொல்கிறோம், அதனால் போதாது.

செத்துப்போன பொருளுக்கு எதற்குப் பெயர் என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2024இல்கூட ஐபோனின் அடியில் மாட்டிக்கொள்ளும் பொத்தான் பலகை உறை ஒன்று, கிளிக்ஸ் என்ற பெயரில், விற்பனைக்கு வந்தது. பலகைக் கணினிக்கு (டேப்லெட்) புளூடூத்தில் இணைத்துத் தட்டுபவர்கள் எத்தனையோ பேர். அப்புறம், தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பில் கை பழகியவர்களைக் கேளுங்கள். உயிர் இடக்கை, மெய் வலக்கை என்று பிரித்த அந்த ஒழுங்கு, பத்து விரலும் பலகை மேல் இருக்கும்போதுதான் முழுப் பயன் தரும். இரண்டு கட்டைவிரலால் செல்பேசியில் தட்டும்போது அந்த வேகத்தில் பாதி போய்விடுகிறது. பார்க்காமல் தட்டுவதோ சுத்தமாக முடியாது. பொத்தானுக்கு விளிம்பு உண்டு, கண்ணாடிக்கு இல்லை. நீளமாக எழுத வேண்டியவர்கள் இன்னும் பொத்தானைத் தேடுவது வெறும் பழைய பாசம் இல்லை.

ஒரு சொல்தான் இன்னும் பிடிபடவில்லை. விரலை எடுக்காமல் எழுத்துக்கு எழுத்து கோடிழுத்து எழுதுவது, ஸ்வைப் (Swype) என்ற செயலி பரவலாக்கிய முறை. 'வழுக்கு தட்டச்சு' என்று பட்டியலில் இருக்கிறது. வழுக்கினால் விழுவோம், எழுத மாட்டோம். தவிர, அங்கே தட்டலே இல்லை. அதனால் தட்டச்சும் பொருந்தாது. 'இழுத்தெழுதல்' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். வேலையை நீட்டி இழுப்பது போல ஒலிக்கிறது என்ற புகார் நியாயம்தான். 'கோட்டெழுத்து' என்றால் வட்டெழுத்து என்ற பழைய எழுத்துமுறைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. தமிழ்99இல் 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. கோடிழுக்கும்போது இரண்டு ம-வும் ஒரே புள்ளி, மீதியை மென்பொருள் ஊகிக்க வேண்டும். இந்த ஊகமும் சொல்லில் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று ஓர் ஆசை, ஆனால் சொல் நீண்டுவிடும். வேறு யோசனை இருப்பவர்கள் இந்த இழையிலேயே எழுதுங்கள். மற்ற இரண்டையும் மறுப்பு வராவிட்டால் பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.