மாமாவின் லென்யானோ: பிபி கப் நிற்க மாட்டேன்கிறது, 70களின் பாகங்களை எங்கே தேடுவது?

அல்சூர் மருமகன்:
வணக்கம் நண்பர்களே. என் தாய்மாமா கப்பலில் வேலை பார்த்தவர். 70களின் கடைசியில் ஜெனோவாவிலிருந்து லென்யானோ என்ற இத்தாலிய ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்தார். தினமும் காலையில் அல்சூர் ஏரியை நாலு சுற்று சுற்றிவிட்டுத்தான் காபி குடிப்பார். போன வருடம் அவர் தவறிப்போனார். "துருப்பிடிச்சுப் போறதுக்கு முன்னாடி நீ எடுத்துட்டுப் போ"ன்னு அத்தை சொன்னாங்க, எடுத்து வந்துவிட்டேன். ஃப்ரேம், ஃபோர்க், இரண்டு சக்கரம், பின் டிரெய்லர் (கியர் மாற்றும் பாகம்), முன் பிரேக் எல்லாம் வந்தபடியே இருக்கின்றன. க்ராங்க் (பெடல் மாட்டும் கை), ஆக்சில், அந்த ஆக்சிலைத் தாங்கும் பிபி (பாட்டம் பிராக்கெட்) கப், பின் பிரேக் எதுவும் இல்லை. வீடு மாறியபோது எங்கேயோ போய்விட்டது.

வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் சாதாரண பிபி செட் போடச் சொன்னேன். கப் மரையே பிடிக்கவில்லை, லொடலொடவென்று உள்ளே போனது. அவர் டெஃப்ளான் டேப்பைக் கனமாகச் சுற்றி அடித்து இறுக்கிக் கொடுத்தார். எம்.ஜி. ரோடு வரைக்கும்கூடப் போகவில்லை, செயின் பக்கத்துக் கப் கழன்று ஆக்சில் ஆட ஆரம்பித்துவிட்டது. இப்போது "உள்ளே ஒரு புஷ் போட்டு வெல்டு அடிச்சுடலாம்" என்கிறார். அடிக்கலாமா? அப்புறம், இந்த சைக்கிளுக்கு அந்தக் காலத்துப் பாகங்களையே தேடிப் போட வேண்டும் என்று ஆசை. எந்த வருடத்து வண்டி, எதைத் தேட வேண்டும் என்றுகூடத் தெரியவில்லை.

மல்லேஸ்வரம் சக்கரம்:
தம்பி, தயவுசெய்து வெல்டு அடிக்காதீங்க. அந்த ஃப்ரேமில் குழாய்கள் லக்கில் (குழாய்களை இணைக்கும் உறை) பித்தளை வைத்துப் பற்றவைத்தவை, சுவர் மெல்லியது. பிபி ஷெல்லில் (கப் ஏறும் குட்டைக் குழாய்) வெல்டிங் சூடு ஏறினால் பக்கத்து ஜாயின்ட் எல்லாம் கெட்டுப்போகும், பிறகு எந்தப் பாகம் கிடைத்தும் பிரயோஜனம் இல்லை.

உங்கள் கப் நிற்காததற்குக் காரணம் சின்னது. இத்தாலிய மரை 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. நம் ஊரில் கிடைப்பது ஆங்கில மரை, 1.370 அங்குலம், அதாவது சுமார் 34.8 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்கு மேலேயே வித்தியாசம், எவ்வளவு டேப் சுற்றினாலும் நிற்காது. வெர்னியர் வைத்து ஷெல்லின் அகலத்தை அளந்து பாருங்க. 70 மி.மீ. வந்தால் இத்தாலியன், 68 என்றால் ஆங்கிலம். இன்னொன்று, ஆங்கில மரையில் செயின் பக்கம் இடது மரை, அதாவது எதிர்ப்பக்கமாகச் சுற்றி இறுக்குவது. இத்தாலியனில் இரண்டு பக்கமும் வலது மரைதான். அதனால்தான் சரியான கப் போட்டாலும் செயின் பக்கம் மிதிக்க மிதிக்கக் கழன்று வரப் பார்க்கும்.

அல்சூர் மருமகன்:
அளந்தேன் அண்ணா, 70.1 வந்தது! மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன், உள்ளே மரை பளபளவென்று இருக்கிறது. செயின் பக்கத்தில் முதல் இரண்டு மரை மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, அந்த ஆங்கிலக் கப்பை அடித்து ஏற்றியதால்தான் என்று நினைக்கிறேன். பீன்யாவில் ஒரு லேத்துக்காரர் 36-க்கு 1 மி.மீ. டேப் (மரை வெட்டும் கருவி) இருக்கிறது, ஓட்டித் தருகிறேன் என்கிறார்.

பீன்யா டூல்ரூம்:
ஓட்ட விடாதீங்க சார். நான் இந்த வேலையில்தான் இருக்கிறேன். அங்குலத்துக்கு 24 என்றால் மரைக்கு மரை 1.058 மி.மீ. பார்த்தால் 1 மி.மீ. மாதிரியேதான் தெரியும், முதல் இரண்டு சுற்று சுகமாகக்கூட இறங்கும். ஆனால் 20 மி.மீ. ஆழத்தில் அந்த டேப் 20 மரை வெட்டும், உங்கள் ஷெல்லில் இருப்பது 19 கூட இல்லை. முழுசாக ஒரு மரை தள்ளிப்போய், 50 வருடமாக நன்றாக இருந்ததைச் சுரண்டி எடுத்துவிடும்.

இரண்டு மரை நசுங்கியதற்கு டேப்பே வேண்டாம். தேய்ந்துபோன பழைய இத்தாலியன் ஸ்டீல் கப் ஒன்று கிடைத்தால் போதும். மரையின் குறுக்கே ஹாக்ஸாவால் மூன்று காடி வெட்டி, விளிம்பில் பிசிறு எடுத்து, எண்ணெய் விட்டு, நசுங்காத இடது பக்கத்திலிருந்து உள்ளே விட்டு வலது பக்கம் வெளியே வருகிற மாதிரி நடத்தினால் அதுவே மரையை நிமிர்த்திக்கொண்டு வரும். கால் சுற்று முன்னே, கொஞ்சம் பின்னே, அவசரம் கூடாது. கையில் கனம் தெரிந்தால் நிறுத்தி, எடுத்து, துடைத்து, மறுபடி.

காக்ஸ்டவுன் கலெக்டர்:
பாகங்கள் பற்றி நான் சொல்கிறேன். முதலில் வருடம். பின் டிரெய்லர் கம்பன்யோலோ கம்பெனியின் நுவோவோ ரெக்கார்டு என்றால் அதன் உடம்பில் பேட்டென்ட் என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும், பின் ஹப்பின் லாக்நட்டிலும் கேம் என்று போட்டு இரண்டு இலக்கம் இருக்கும். இரண்டும் ஒன்றாகவோ ஒரு வருடம் முன்பின்னாகவோ இருந்தால் வண்டியும் ஏறக்குறைய அந்த வருடம்தான். சீட் போஸ்ட் போல்ட் பின்னால் இல்லாமல் முன்னால், டாப் ட்யூப் பக்கம் இருக்கிறதா? லென்யானோவின் பழைய அடையாளம் அது. இத்தாலிய வீரர் ஃபௌஸ்டோ கோப்பி 1940-இல் தன் முதல் ஜீரோ தி இத்தாலியா பந்தயத்தை ஜெயித்தது இந்த அணியில்தான், உங்கள் மாமா நல்ல வண்டியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

க்ராங்க் வாங்கும்போது 144 மி.மீ. போல்ட் வட்டம் (பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) பாருங்க. 151 என்றால் 1967-க்கு முந்தையது, அழகாக இருக்கும், உங்கள் வண்டிக்கு ஒட்டாது. ஆக்சிலில் 70-எஸ்எஸ்-120 என்று அடித்திருக்க வேண்டும். 70 என்பது ஷெல், 120 என்பது பின் ஃபோர்க் அகலம், ஐந்து கியருக்கானது. கப்பில் 36 × 24 என்று இருக்கும். ஜப்பான் ஆக்சில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போட்டுவிடாதீங்க, அதன் முனை கொஞ்சம் தடிமன், க்ராங்க் முழுசாக ஏறாமல் நாலைந்து மி.மீ. வெளியே நின்று செயின் கோணலாக ஓடும். முன் பிரேக்கில் என்ன எழுதியிருக்கிறது?

இத்தாலிய விற்பனையாளர்களிடம் ஆங்கிலச் சொல்லில் தேடினால் பாதிதான் கண்ணில் படும். பிபி-க்கு மொவிமென்டோ சென்ட்ராலே, க்ராங்குக்கு குவர்னித்தூரா, இத்தாலியன் மரைக்கு பாஸ்ஸோ இத்தாலியானோ. இந்த மூன்றையும் இத்தாலிய எழுத்தில் போட்டுத் தேடுங்க. பெயின்டைத் தொடாதீங்க, அந்தப் பொன் கலந்த பச்சை மறுபடி வராது.

அல்சூர் மருமகன்:
அக்கா, டிரெய்லரில் 75, லாக்நட்டில் 75! போல்ட் முன்னால்தான் இருக்கிறது. முன் பிரேக்கில் யூனிவர்சல் 68.

காக்ஸ்டவுன் கலெக்டர்:
அப்படியென்றால் பின்னாலும் யூனிவர்சல் 68 தான், கம்பன்யோலோ பிரேக் தேடிக் காசைக் கொட்ட வேண்டாம். என்னிடம் குழி விழுந்த இத்தாலியன் கப் ஒன்று சும்மா கிடக்கிறது, காடி வெட்ட எடுத்துக்கொள்ளுங்க.

அல்சூர் மருமகன் (ஏழு வாரம் கழித்து):
டூல்ரூம் சார் சொன்னபடி ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து நடத்தினேன், மரை நிமிர்ந்துவிட்டது. மிலானிலிருந்து வந்த நண்பர் கப், ஆக்சில், க்ராங்க் மூன்றையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். புதுக் கப் விரலாலேயே முக்கால்வாசி இறங்கியது. செயின் பக்கம் கிரீஸ் போடாமல் நீல லாக்டைட் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) வைத்து, நீளமான போல்ட், வாஷர், நட்டு கொண்டு கப்பைப் பிடித்து இறுக்கினேன். பக்கத்துக்குப் பதினொன்று, கால் அங்குல பேரிங் பால்ஸ். இதுவரை அறுபது கிலோமீட்டர், அசையவில்லை. அத்தை நேற்று மாடியிலிருந்து ஃப்ரீவீல் சத்தத்தைக் கேட்டுவிட்டு இறங்கி வந்து சீட்டைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பின் பிரேக் இன்னும் கிடைக்கவில்லை, இப்போதைக்கு ஒரு சாதாரண பிரேக்தான் மாட்டியிருக்கிறேன். யாரிடமாவது யூனிவர்சல் 68 பின் பக்கத்துக்கானது, நடு போல்ட்டோடு இருந்தால் சொல்லுங்க.